இறுதியாண்டில் இன்னொரு தேர்வு: மருத்துவம் நாடிய பினாங்கு மாணவி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய மாணவி பட்டர்வொர்த்தைச் சேர்ந்தவர். பினாங்குத் தீவிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் அவருக்கு வேதியியல் டியூஷன் எடுத்தவன் என்ற முறையில், மருத்துவப் படிப்புக்கான கூடுதல் தகுதிகளைப் பட்டப் படிப்பின் இறுதியாண்டோடு சேர்த்தே முடித்துவிட அவர் போட்ட திட்டத்தைத் தொடக்கம் முதலே பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதே நிலையில் ஆண்டுதோறும் சில மாணவர்களாவது என்னிடம் வருகிறார்கள் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் "எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்கிறார்களே தவிர "எதைச் செய்யத் தேவையில்லை?" என்று கேட்பதில்லை என்பதுமே இதை எழுதக் காரணம்.

பின்னணி

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அவருக்குக் குறை எதுவும் இருக்கவில்லை. மருத்துவப் படிப்புக்கு மலேசிய மருத்துவ மன்றம் வகுத்துள்ள குறைந்தபட்சத் தகுதியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு வேறொரு பாடம் என எஸ்.பி.எம். நிலையில் ஐந்து பாடங்களில் பி இருக்க வேண்டும். அந்தப் படியை அவர் எளிதாகவே தாண்டியிருந்தார். இடறியது ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில்தான். உயிரியலில் பி பிளஸ், கணிதத்தில் பி, வேதியியலில் சி பிளஸ். உயிரியல், வேதியியல், இயற்பியல் அல்லது கணிதம் ஆகிய மூன்றிலும் குறைந்தது பி எடுத்தவர்களையே கல்லூரிகள் பொதுவாகப் பார்க்கின்றன என்பதால், சி பிளஸுக்கும் பி-க்கும் நடுவிலிருந்த இரண்டு படிகள் அவருக்கு மருத்துவக் கதவை அடைத்துவிட்டன. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான சேர்க்கை முறையான யு.பி.யு. வழியாகக் கிடைத்தது அவர் நான்காவதாக நிரப்பியிருந்த படிப்பு. "கிடைச்சத மொதல்ல படி, அப்புறம் பாக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்தான் அது. ஆனால் அந்த 'அப்புறம்' எப்போது என்று யாரும் சொல்வதில்லை.

2024-ஆம் ஆண்டின் நடுவில், இறுதியாண்டு தொடங்குவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். வேதியியல், உயிரியல் இரண்டிலும், எஸ்.டி.பி.எம்.முக்கு இணையான பிரிட்டிஷ் தேர்வான ஏ லெவலைத் தனித்தேர்வராக 2025 மே–ஜூனில் ஒரே மூச்சில் எழுதுவது. ஜூலையில் பிரிட்டனுக்கான யூகேட் மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதுவது. அக்டோபர் 15-க்குள் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது. அதோடு உள்நாட்டுத் தனியார் கல்லூரிகளையும் முயல்வது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஏதோ தானாக நடந்துவிடும் என்பதுபோல, இறுதியாண்டுப் பாடங்களும் ஆய்வுத் திட்டமும் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தன.

எது கேட்கப்படுகிறது

நான் முதலில் சொன்னது, எந்தப் பாடநூலையும் வாங்குவதற்கு முன் கல்லூரிகளின் சேர்க்கைப் பிரிவுகளுக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்து மூலமான பதிலைப் பெற வேண்டும் என்பதுதான். மூத்த மாணவர்கள் சொல்வதும் கல்விக் கண்காட்சியில் கேட்பதும் போதாது. அவர் தம் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகளையும் பட்டப் படிப்பின் பாடப் பட்டியலையும் இணைத்து உள்நாட்டுக் கல்லூரிகள் மூன்றுக்கு எழுதினார். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. முதலாவது, பட்டத்தின் இறுதி மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தபின் பட்டதாரியாக விண்ணப்பிக்கலாம் என்றும், அப்போது பட்டப் படிப்பின் ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரியான சி.ஜி.பி.ஏ.வும் எஸ்.பி.எம். முடிவுகளும் பார்க்கப்படும் என்றும் சொன்னது. இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தகுதி என்றால் மூன்று பாடங்களும் ஒரே தேர்வு முறையில் இருக்க வேண்டும், எஸ்.டி.பி.எம். பாதி ஏ லெவல் பாதி என்று கலக்க முடியாது என்று தெளிவாக எழுதியது. மூன்றாவது, பட்டத்தை ஏற்றுக்கொள்வதாகவும், வேதியியலில் சி பிளஸ் இருப்பதால் அந்தப் பாடத்தில் மட்டும் ஏ லெவலுக்கு இணையான சான்று ஒன்று இருந்தால் நல்லது என்றும் கூறியது.

இந்த மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது திட்டத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. உயிரியலை மறுபடி எழுத யாருமே கேட்கவில்லை. பி பிளஸ் வாங்கிய, அதன்பின் பட்டப் படிப்பில் நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் படித்த பாடத்தை ஏன் பட்டியலில் சேர்த்தார் என்று கேட்டேன். "அது எனக்கு நல்லா வரும் சார்" என்றார். நன்றாக வரும் பாடத்தை மறுபடி எழுதுவது மனத்துக்குத் தெம்பு தரலாம். விண்ணப்பத்தில் அதற்குத் தனி மதிப்பு இல்லை.

யூகேட் விஷயம் இன்னும் நேரடியானது. அதை ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒருமுறைதான் எழுத முடியும். மதிப்பெண் அந்தச் சுற்றுக்கு மட்டுமே செல்லும். பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்புகளை நடத்தும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பல, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. ஐந்தாண்டுப் படிப்பில் இடம் கிடைத்தாலும், வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைப் பட்டர்வொர்த்தை அடுத்த பிறை என்ற ஊரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அப்பாவின் சம்பளத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. விண்ணப்பிக்கவே போகாத ஒரு நாட்டின் நுழைவுத் தேர்வுக்காக அவர் ஏற்கெனவே பல வார இறுதிகளைச் செலவிட்டிருந்தார். மூத்த மாணவி ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கிய இரண்டு புத்தகங்களில் ஒன்று, 2023 அக்டோபரோடு நிறுத்தப்பட்டுவிட்ட இன்னொரு மருத்துவ நுழைவுத் தேர்வான பீமேட்டுக்கானது. மற்றது யூகேட்டுக்கானதுதான் என்றாலும், அவர் அதிகம் பழகியிருந்த வடிவ ஒழுங்குப் பகுதி 2025 முதல் அந்தத் தேர்விலிருந்து நீக்கப்பட்டது. பழைய புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருப்பதில் இப்படி ஓர் ஆபத்து உண்டு.

அயர்லாந்துப் பட்டம் தரும், செப்போய் லைன்ஸிலுள்ள ஆர்.சி.எஸ்.ஐ. – யூ.சி.டி. மலேசிய வளாகத்தையும் அவர் பார்த்திருந்தார். 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி 2018-இல் பெயர் மாறிய அந்தக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் முதல் இரண்டரை ஆண்டுகள் டப்ளினில் கழியும் என்பதால், செலவைக் கருதி அவரே அதை ஒதுக்கிவிட்டார்.

மீட்க முடிவதும் முடியாததும்

மிஞ்சியது வேதியியல் ஒன்றுதான். அதை இறுதியாண்டுக்குள் எங்கே வைப்பது என்பதைவிட, இறுதியாண்டுக்கு என்ன விலை என்பதை அவர் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். மூன்று ஆண்டுகளின் முடிவில் 98 கிரெடிட்டுக்கு அவருடைய சி.ஜி.பி.ஏ. 3.38. இறுதியாண்டில் மீதம் 34 கிரெடிட். அதில் ஆய்வுத் திட்டத்துக்கு மட்டும் 8. இறுதியாண்டில் சராசரி 2.80-க்கு இறங்கினால் மொத்தம் 3.23-இல் நிற்கும். 3.50-ஐத் தொட வேண்டுமென்றால் இறுதியாண்டுச் சராசரி 3.85 அளவில் இருக்க வேண்டும். மூன்றாண்டு உழைப்பு ஏற்கெனவே எண்ணாக உறைந்துவிட்டதால், மேலே ஏறுவது கடினம். கீழே இறங்குவதற்கு ஒரு மோசமான செமஸ்டர் போதும்.

என் கருத்தில் இந்த ஆய்வின் மையம் இதுதான். ஏ லெவலில் தனியாக எழுதக்கூடிய தாளான அலகு ஒன்றில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த தவணையில் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம். பட்டத்தின் சி.ஜி.பி.ஏ. அப்படியல்ல, ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டு, பட்டமும் வழங்கப்பட்ட பின் அதை யாரும் திறந்து திருத்த மாட்டார்கள். மூன்று கல்லூரிகளில் இரண்டு முதலில் கேட்டதும் அந்த எண்ணைத்தான். ஆகவே, கூடுதல் தகுதிக்காகப் பட்டத்தைத் தாழவிடுவது, பட்டதாரி என்ற அடிப்படையில் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு, தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டும் வேலை. இதைச் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உழைப்பைக் கூட்டினால் இரண்டையும் தூக்கிவிடலாம் என்றே நினைத்தார். அவர் மனம் மாறியது, நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான்.

தேர்வு வாரியமும் நாட்காட்டியும்

தனித்தேர்வர்கள் கேம்பிரிட்ஜ் வாரியத்தை முதலில் நினைப்பது இயல்பு. ஆனால் அதன் வேதியியலில் மூன்றாம் தாள் இரண்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு; மாணவர் உண்மையான ஆய்வுக்கூடத்தில் நின்று எழுத வேண்டியது. பள்ளியில் இல்லாத ஒருவரை ஆய்வுக்கூடத்தோடு ஏற்றுக்கொள்ளும் மையத்தைத் தேடுவதே தனி வேலை. பியர்சன் எடெக்செல் வாரியத்தின் பன்னாட்டு ஏ லெவலில் ஆறு அலகுகள் உண்டு. செய்முறைத் திறனைச் சோதிக்கும் மூன்றாம், ஆறாம் அலகுகளும் எழுத்துத் தேர்வுகளே. ஜனவரி, மே–ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று தவணைகள். அலகுகளைப் பிரித்தும் எழுதலாம். இறுதியாண்டு மாணவருக்கு இந்தப் பிரிக்கும் வசதி பெரிய வரம்.

தவணைகளைப் பல்கலைக்கழக நாட்காட்டியின்மேல் வைத்தபோது, ஜனவரித் தவணை முதல் செமஸ்டர் தேர்வோடு மோதியது. மே–ஜூன் தவணை ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரங்களோடும் இரண்டாம் செமஸ்டர் தேர்வோடும் மோதியது. இடறாமல் நின்றவை இரண்டு: இறுதியாண்டு தொடங்கும் 2024 அக்டோபர், எல்லாம் முடிந்த பின் வரும் 2025 அக்டோபர். முதல் மூன்று அலகுகளை முன்னதிலும், கடைசி மூன்றைப் பின்னதிலும் எழுதுவது என்று முடிவானது. இடையிலுள்ள ஒரு முழு ஆண்டும் பட்டத்துக்கு.

இதை வீட்டில் ஏற்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. அவருடைய அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ரெண்டையும் ஒண்ணா முடிச்சிட்டா ஒரு வருஷம் மிச்சம் இல்லையா சார்? ஏற்கெனவே வயசு போயிட்டிருக்கு" என்றார். அவருடைய கவலை வெறும் அவசரமல்ல. பட்டம் முடியும்போது மகளுக்கு 24 வயது. அதன்பின் ஐந்தாண்டுப் படிப்பு, இரண்டாண்டு பயிற்சி மருத்துவர் பணி. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் பணியமர்த்தப்படுகிறார்கள் என்பதையும், அதையொட்டி 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையும் அந்தக் குடும்பம் செய்தியில் பார்த்திருந்தது. அத்தனை நீண்ட பாதையில் ஓர் ஆண்டைக் கூட்டுவதற்குத் தயங்காத பெற்றோர் யார்?

ஆனால் அந்த மிச்சமே ஒரு மாயை என்பது முதல் கல்லூரியின் பதிலைத் திரும்பப் படித்தபோது தெரிந்தது. அவர்கள் கேட்டது பட்டத்தின் இறுதி மதிப்பெண் பட்டியல். ஜூலையில் முடியும் செமஸ்டரின் முடிவுகள் வந்து, பல்கலைக்கழகம் அவற்றை உறுதிசெய்து, பட்டியல் கைக்குக் கிடைப்பதற்குள் அந்த ஆண்டின் செப்டம்பர்ச் சேர்க்கை முடிந்திருக்கும். மே–ஜூனில் அத்தனை அலகுகளையும் எழுதி ஆகஸ்டில் சிறந்த முடிவு பெற்றிருந்தாலும் அவர் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குத்தான் போயிருக்க முடியும். அக்டோபரில் எழுதினால் முடிவு ஜனவரியில் வரும். சேருவது அதே அடுத்த ஆண்டுச் சேர்க்கையில்தான். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபின் அம்மா மறுபேச்சு பேசவில்லை.

ஆய்வுக்கூடத்தில்

இறுதியாண்டு ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது பாலிக் புலாவ் பக்கத்து ஜாதிக்காயின் சதைப்பகுதி. வெவ்வேறு வெப்பநிலைகளில் உலர்த்தினால் அதன் ஈரமும் அமிலத்தன்மையும் எப்படி மாறுகின்றன என்பது. காலையில் துண்டுகளை உலர்த்தியில் வைத்தால், எடை நிலைக்கும்வரை மணிக்கு ஒருமுறை தட்டை வெளியே எடுத்து நிறுத்துக் குறிக்க வேண்டும். நடுவிலுள்ள ஐம்பது நிமிடங்களையெல்லாம் வேதியியலுக்குப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய கணக்கு. முதல் அலகுக்குப் படித்த நாட்களில் அது ஓரளவுதான் பலித்தது. பழைய வினாத்தாள்களின் பலவுள் தெரிவு வினாக்களுக்கு அந்த இடைவெளி போதும். கரிம வினைகளின் வழிமுறையைப் புதிதாகப் புரிந்துகொள்ள அது போதாது. மனம் ஊன்றத் தொடங்கும்போது தட்டு அழைத்துவிடும். ஒருமுறை ஓர் எடையை எழுதாமல் விட்டு, அந்த நாளின் வளைகோட்டில் ஒரு புள்ளியே இல்லாமல் போயிற்று. அதன்பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வினாத்தாள் மட்டும், வீட்டுக்குப் பாடம் என்று பிரித்துக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். உணவுத் தொழில்நுட்பம் படித்தவருக்கு நியமக் கரைசல், பினால்ப்தலீன், பியூரெட் எல்லாம் அன்றாடப் பொருள்கள். மூன்றாம் அலகு, அந்த அனுபவத்தைத்தான் தாளில் கேட்கிறது. பியூரெட்டின் ஒவ்வோர் அளவீட்டிலும் 0.05 கன சென்டிமீட்டர் ஐயப்பாடு, தொடக்கமும் முடிவுமாக இரண்டு அளவீடுகள், ஆகவே 20.00 கன சென்டிமீட்டர் வடிந்தால் ஐயப்பாடு 0.5 விழுக்காடு என்பதை அவர் கணக்குப் போடாமலே சொல்வார். திருத்த வேண்டியிருந்தது பழக்கத்தைத்தான்: ஆய்வுக் குறிப்பேட்டில் 19.8 என்று எழுதிப் பழகிய கை, தேர்வில் 19.80 என்று எழுத வேண்டும். கடைசிச் சுழியை விட்டால் மதிப்பெண் போகும்.

பட்டப் படிப்பு கைகொடுக்காத இடங்களும் இருந்தன. வெப்பவியல், பகுதி அழுத்தங்களால் எழுதப்படும் சமநிலை மாறிலி, மின்முனை அழுத்தங்கள், இடைநிலை உலோகங்கள் ஆகியவற்றை அவர் ஆறாம் படிவத்துக்குப் பின் தொடவே இல்லை. எஸ்.டி.பி.எம். தேர்வில் அவரைக் கீழே தள்ளியவையும் இவைதாம். 2024 அக்டோபர்த் தவணையில் முதல், மூன்றாம் அலகுகள் நன்றாக வந்தன. வெப்பவியல் அடங்கிய இரண்டாம் அலகு சரிந்தது. நான் எதிர்பார்த்ததுதான், அவருக்கு அது பெரிய அடியாக இருந்தது. ஜனவரியில் முடிவு வந்த கையோடு, மே–ஜூனிலேயே அதைத் திரும்ப எழுதிவிடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

அது செமஸ்டர் தேர்வுக் காலம், தைப்பூசமும் நெருங்கியிருந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் நேர்த்தி அந்தக் குடும்பத்தில் உண்டு. வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஒவ்வொருவரும் "டாக்டருக்குப் படிக்கிறியாமே" என்று விசாரித்ததில் அவருக்கு மன அழுத்தம் கூடிற்று. தேர்வு முடியாத ஒன்றை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதற்காக அம்மாவின் மேல் அவருக்குக் கோபம்.

அந்த வாரத்தில் அவர் செய்த நல்ல காரியம், அதுவரை மறைத்து வைத்திருந்ததை ஆய்வு மேற்பார்வையாளரிடம் சொன்னது. மருத்துவத்துக்குப் போகப்போகிறேன் என்றால் ஆய்வில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார் என்று அவர் பயந்திருந்தார். மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஜூலைக்கு முன் ஏதாவது தேர்வு உண்டா?" இல்லை என்றால், உலர்த்தும் சோதனைகளை மார்ச்சுக்குள் முடித்துவிடும்படி கருவியின் முன்பதிவை மாற்றித் தருவதாகச் சொன்னார். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொன்னதோடு மே–ஜூன் யோசனையும் முடிந்தது. பரிந்துரைக் கடிதம் எழுதப்போவதும் அதே மேற்பார்வையாளர்தான் என்பதை இந்த மாணவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

விளைவு

இறுதியாண்டில் அவருடைய சராசரி 3.69, மொத்தம் 3.46-இல் பட்டம் முடிந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து பிறையிலுள்ள உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருந்துகொண்டே, மாலைகளில் கடைசி மூன்று அலகுகளுக்கும் இரண்டாம் அலகின் மறுதேர்வுக்கும் படித்தார். வேலை செய்துகொண்டு படிப்பது இறுதியாண்டில் படிப்பதைவிட எளிதாக இருந்தது என்று அவரே சொன்னார். வேலை ஐந்தரை மணிக்கு முடிந்துவிடும், ஆய்வேடு முடிவதில்லை. ஜனவரியில் வந்த முடிவில் வேதியியலுக்கு மொத்தத்தில் பி.

இரண்டு கல்லூரிகள் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தன. ஒன்று இடம் கொடுத்தது. இடம் கொடுத்தது, வேதியியல் சான்று எதையும் கேட்காத முதல் கல்லூரி என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அப்படியானால் வேதியியல் வீணா என்று அவருடைய அப்பா கேட்டார். முழுக்க வீண் என்று நான் நினைக்கவில்லை. நேர்முகத்தில் எஸ்.டி.பி.எம். சி பிளஸைச் சுட்டிக்காட்டிக் கேட்டபோது, அதற்குப்பின் என்ன செய்தேன் என்று சொல்ல அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஆனாலும், அந்த ஒரு பதிலுக்காக ஆறு அலகுகளின் கட்டணமும் இரண்டு அக்டோபர்களும் தேவையா என்றால், முதல் கல்லூரி ஒன்றையே நம்பி விண்ணப்பிக்கும் மாணவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது கல்லூரியைப் போன்ற பதில் கையில் இருப்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

மீதமிருப்பது பணம். தனியார் மருத்துவப் படிப்பின் மொத்தக் கட்டணம் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. முதல் பட்டத்துக்கு அரசின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என்.னிடம் வாங்கிய கடனும் நிற்கிறது. கெடா, செமிலிங்கிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் அவர் விண்ணப்பித்திருக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து அதிக தூரமில்லை என்பதால் வீட்டுச் செலவு குறையும் என்பது கணக்கு. ஊழியர் சேமநிதியின் செஜாத்தரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்க விதி இடம் தருவதால், அப்பா அதற்கான படிவத்தை வாங்கி வைத்திருக்கிறார். மலேசிய இந்தியர் காங்கிரஸின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யின் கல்விக் கடனுக்கும் விண்ணப்பம் போயிருக்கிறது. இந்தக் கணக்குகளையெல்லாம் வேதியியல் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்று அவருடைய அப்பா சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.